கெடுப்பதும் உரிப்பதும்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய சில வருஷங்களுக்குள் நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிடும் வினைச்சொற்களில் ‘ஸ்பாயில்’ என்பதும் ஒன்று. அகராதியைப் பிரித்தால் ‘கெடு’ என்று ஒரே வார்த்தையில் அதற்கு அர்த்தம் போட்டிருக்கும். அதோடு திருப்தியடைந்து மேலே போய்விடுகிறோம். ஆனால், எழுத உட்காரும்போது சங்கடம் ஆரம்பமாகிறது. கீழே விழுந்து வேலை செய்யாமற்போன கைப்பேசியைப் பற்றி அந்தச் சொல்லைப் பிரயோகிக்கலாமா? புயலில் இடிந்த வீட்டைப் பற்றிச் சொல்லலாமா? மழையினால் களையிழந்த கல்யாண ஊர்வலத்தைப் பற்றிச் சொல்லலாமா? இம்மூன்றில் கடைசியானதற்கு மட்டுமே அது இயல்பாகப் பொருந்தும் என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் யோசியாமல் சொல்லிவிடுவார். ஏன் என்று கேட்டால் அவருக்கும் காரணம் சொல்வது எளிதன்று. அந்தக் காரணம் சொல்லின் பூர்வ சரித்திரத்தில் இருக்கிறது.

லத்தீன் பாஷையில் ‘ஸ்போலியம்’ என்று ஒரு பெயர்ச்சொல் உண்டு. மிருகத்தின் உடலிலிருந்து உரித்தெடுத்த தோல் என்பது அதன் பழைய அர்த்தம். போர்க்களத்தில் வீழ்ந்த பகைவனின் உடலிலிருந்து கழற்றியெடுத்த தலைக்கவசம், மார்புக்கவசம், வாள், கேடயம் ஆகியவற்றுக்கும் அதுவே பெயராயிற்று; பின்பு, வென்ற நாட்டிலிருந்து வாரிக்கொண்டு வந்த கொள்ளைப்பொருள் யாவற்றையும் குறிக்கும் பொதுச்சொல்லாக அது விரிந்தது. ‘ஸ்போலியாரே’ என்ற அதன் வினைவடிவம் உரித்தல், ஆடை களைதல், சூறையாடுதல் என்ற கருத்துக்களைத் தாங்கி நின்றது.

ரோமானியர்கள் இவ்வாறு உரித்தெடுப்பதை இழிவாகக் கருதவில்லை; அதற்கு ஓர் உன்னதமான ஸ்தானமே அளித்திருந்தார்கள். ரோமானியப் படைத்தலைவன் ஒருவன் பகைப்படையின் தலைவனோடு நேருக்கு நேர் பொருது, தன் கையாலேயே அவனைக் கொன்று, அவன் கவசத்தை உரித்துக்கொண்டு வந்தானானால், காப்பிடோல் குன்றின்மேல் இருந்த ஜூபிடர் தேவனின் ஆலயத்தில் அதைக் காணிக்கையாக வைக்கும் பாக்கியம் அவனுக்குக் கிட்டும். ‘ஸ்போலியா ஒப்பீமா’ என்று பெயர் பெற்ற அந்தக் கௌரவம், ரோமாபுரியின் நெடிய சரித்திரத்தில் மூவருக்கே கிடைத்ததாக அவர்களுடைய மரபு கூறுகிறது: நகரத்தைத் தோற்றுவித்தவனாகப் புராணம் சொல்லும் ரோமுலஸ், வேயி நகரத்து அரசனை வீழ்த்திய கொர்னீலியஸ் கோஸ்ஸஸ், கி.மு. 222இல் கால் இனத்துத் தலைவன் ஒருவனைக் கொன்ற கிளாடியஸ் மார்செல்லஸ் ஆகியோரே அம்மூவர்.

கொள்ளையைக் கொண்டாடும் அந்த மனோபாவத்தை இன்றும் கண்ணால் காணலாம். ரோம் நகரத்தின் பழைய மன்றத்துக்கு அருகே டைட்டஸ் சக்கரவர்த்தியின் பெயரால் ஒரு வெற்றி வளைவு நிற்கிறது. அதன் உட்பக்கச் சுவரொன்றில், கி.பி. 70இல் எருசலேம் தேவாலயம் அழிக்கப்பட்டபோது எடுத்துவந்த பொருள்களோடு வீரர்கள் ஊர்வலம் போகும் காட்சி புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. தலையில் வாகை சூடிய வீரர்கள் ஏழு கிளைகள் கொண்ட பெரிய விளக்குத்தண்டைத் தோள்மேல் சுமந்து செல்கிறார்கள். தேவாலயத்தின் எக்காளங்களும் அந்த ஊர்வலத்தில் இருக்கின்றன. வெற்றி வளைவில் செதுக்கியவன் வென்றவன் பக்கத்தில் நிற்கிறவன். ஆகையால் கொண்டுவந்த விளக்கைக் காட்டினானேயன்றி, விளக்கை இழந்து அழிந்த தேவாலயத்தைக் காட்டவில்லை.

பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக இந்த வினைச்சொல் ஆங்கிலத்துக்குள் புகுந்தது. சுமார் 1300ஆம் ஆண்டையொட்டிய ஆங்கிலத்தில் அதைக் காண்கிறோம். அங்கும் நெடுங்காலம் அதற்குக் கொள்ளையிடுதல் என்பதே அர்த்தம். 1611இல் வெளியான, ஜேம்ஸ் மன்னர் பெயரால் வழங்கும் ஆங்கில விவிலியத்தில், இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்படும்போது அந்நாட்டாரின் வெள்ளியையும் பொன்னையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனதை இந்த வினையால்தான் சொல்லியிருக்கிறார்கள். இன்றைய மாணவன் அதைப் படித்தால், எகிப்தியருக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்ததாக எண்ணித் திகைப்பான். அதே விவிலியத்தின் உன்னதப்பாட்டில், சிறு நரிகள் திராட்சைத் தோட்டங்களைப் பாழ்படுத்துவதைச் சொல்லும் இடத்திலும் இதே வினை வருகிறது. தமிழ் விவிலியம் ஓரிடத்தில் கொள்ளையிடுதல், மற்றோரிடத்தில் கெடுத்தல் என்று பிரித்துச் சொல்வதை அக்கால ஆங்கிலம் ஒரே வினைக்குள் அடக்கிவிட்டது. பழைய அர்த்தம் மறையும் தருவாயிலும் புதிய அர்த்தம் வேரூன்றும் தருவாயிலும் அச்சொல் நின்ற நிலை அது.

கொள்ளையிடுதல் எவ்வாறு கெடுத்தலாக மாறிற்று? பார்வை இடம் மாறியதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. எடுத்துக்கொண்டு போகிறவன் பக்கத்தில் நின்று பார்த்தால் அது கொள்ளை. எடுக்கப்பட்ட பின் மிஞ்சிக் கிடக்கும் பொருளின் பக்கத்தில் நின்று பார்த்தால் அது கேடு. வீரனின் உடல் களத்தில்தான் கிடக்கிறது, ஆனால் அவனை வீரனாகக் காட்டிய கவசம் போய்விட்டது. கொள்ளைபோன கோயிலொன்றின் சுவர் நின்றாலும் அதற்கு ஒளியூட்டிய விளக்கு இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் இந்த இரண்டாவது பக்கத்துக்கு வந்து நின்று அச்சொல்லைப் பேசத் தலைப்பட்டார்கள்; அன்றுமுதல், ஒரு பொருளின் உடலை விட்டுவைத்து அதன் சாரத்தை மட்டும் உரித்துவிடும் செயலுக்கு அது பெயராயிற்று. கொள்ளை என்ற பழைய கருத்தோ, முன்னொட்டு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு ‘டிஸ்பாயில்’ என்ற தனி வினையில் குடியேறிவிட்டது.

இந்த வினைச்சொல் எவற்றைச் செயப்படுபொருளாகக் கொள்கிறது என்று கவனித்தால் மேற்சொன்ன கருத்து விளங்கும். காட்சி, விருந்து, பசி, விடுமுறை, சந்தோஷம், எதிர்பாராத பரிசின் வியப்பு என்பனபோன்றவையே அதனோடு அதிகமாகச் சேர்கின்றன. கடற்கரையில் ஓர் உயர்ந்த கட்டடத்தை எழுப்பினால் கடல் எங்கும் போய்விடுவதில்லை. பார்ப்பவர்களுக்குக் கிடைத்துவந்த காட்சியின் அழகு போகிறது. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் பலகாரம் தின்கிற பிள்ளையைப் பார்த்து ஆங்கிலத் தாய் இந்தச் சொல்லைத்தான் சொல்வாள். சோறும் கறியும் அப்படியே இருக்கின்றன, அவற்றுக்கு ருசி தரும் பசி போய்விட்டது. இடிந்து தரைமட்டமானதற்கு ‘டெஸ்ட்ராய்’ என்றும், சேதம் நேர்ந்து, பழுது பார்த்தால் சரியாகக்கூடியதற்கு ‘டேமேஜ்’ என்றும், மீட்சியில்லாமல் பாழானதற்கு ‘ரூயின்’ என்றும் வேறு வினைகள் உண்டு. தமிழிலும் அழித்தல், சேதப்படுத்தல், பாழாக்குதல், கெடுத்தல் என்று நான்கு சொற்கள் ஏறத்தாழ இதே வரிசையில் அமைந்திருப்பதால், நாம் இந்த வேற்றுமையை உணர்வது கடினமன்று.

கடினம் வேறொரு காரணத்தால் வருகிறது. தமிழில் ‘கெடு’ என்ற சொல்லின் ஆட்சி மிக விரிந்தது. கடிகாரம் கெட்டுப்போகிறது, உடம்பு கெட்டுப்போகிறது, பெயர் கெட்டுப்போகிறது, காரியம் கெட்டுப்போகிறது. இவையனைத்தையும் ‘ஸ்பாயில்’ என்ற ஒரே சொல்லால் ஆங்கிலத்தில் சொல்லிவிடும் பழக்கம் நம்மவரிடையே உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பேச்சுவழக்கு ஆங்கிலத்தில் மின்விசிறி முதல் மின்தூக்கி வரை ஓடாமல் நின்ற எந்த இயந்திரத்துக்கும் இந்தச் சொல்லே வழங்குகிறது. அந்தந்த ஊரில் பேசுகிறவர்களுக்குள் அது பிழையாகாது. மொழி என்பது பேசுகிறவர்களின் உடைமை. ஆயினும் வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுகிறவர், ஓடாத இயந்திரத்துக்கு ‘பிரோக்கன்’ என்றும், பெயர் கெட்டதற்கும் உடம்பு கெட்டதற்கும் ‘ரூயின்’ என்றும் எழுதுவதே நலம்.

குழந்தையைப் பற்றிய பிரயோகத்துக்கு வருவோம். செல்லம் கொடுத்துக் கெடுத்தல் என்ற கருத்தில் பதினேழாம் நூற்றாண்டு முதல் இந்த வினை வழங்கிவருகிறது. முதல் பார்வையில் இது முரணாகத் தோன்றும். உரித்தல் என்பது எடுப்பது, செல்லமோ கொடுப்பது. கேட்டதையெல்லாம் கேட்ட மாத்திரத்தில் கொடுத்துவிடும் பெற்றோர், காத்திருக்கும் சக்தியையும், முயன்று அடைவதில் உள்ள ஆனந்தத்தையும், இல்லை என்ற சொல்லைத் தாங்கும் வலுவையும் அந்தக் குழந்தையிடமிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் முரண் நீங்கிவிடும். கொடுப்பதன் மூலமாகவே எடுத்துக்கொள்ள முடியும் என்ற இந்த உண்மையை, அன்பு மிகுதியால் அறிவிழக்கும் எல்லாப் பெற்றோரும் ஒருமுறையேனும் சிந்திக்க வேண்டும். தெரிவு செய்வதற்கு நல்லவை அளவுக்கு மிஞ்சி இருக்கும்போது, எதை எடுப்பதென்று திகைக்கிறவனை ஆங்கிலேயர் ‘ஸ்பாயில்ட் ஃபார் சாய்ஸ்’ என்பதும் இதன் வழிவந்ததே.

பிரம்பை ஒதுக்கினால் பிள்ளை கெடும் என்ற கருத்துள்ள ஆங்கிலப் பழமொழி விவிலியத்திலிருந்து வந்தது என்று பலர் நம்புகிறார்கள். நீதிமொழிகளின் 13ஆம் அதிகாரத்தில் அதற்கு நெருங்கிய கருத்து உண்டென்றாலும், அங்கே கெடுத்தல் என்ற பேச்சே இல்லை. இன்று வழங்கும் வடிவம், சாமுவேல் பட்லர் 1663 முதல் 1678 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட ‘ஹூடிப்ராஸ்’ என்ற அங்கதக் காவியத்தால் பரவியது. அதிலும் அவ்வரி காதலைப் பற்றிய கேலிப் பேச்சின் நடுவே வருகிறது. அப்படிப்பட்ட வரியைத் தெய்வ வாக்காக மேற்கோள் காட்டிப் பல தலைமுறை ஆசிரியர்கள் சிறுவர்களை அடித்திருக்கிறார்கள் என்பது வருந்தத்தக்கது.

இன்னொரு பழமொழிக்கும் சுவையான வரலாறு உண்டு. அரைப் பென்னிக்கு வாங்கும் தாருக்காகக் கப்பலைக் கெடுக்காதே என்பது அதன் கருத்து. சிறு சிக்கனத்துக்கு ஆசைப்பட்டுப் பெரியதை இழப்பவனுக்குச் சொல்வது. மரக்கப்பலின் பலகை இடுக்குகளில் தார் பூசுவது உண்டாகையால் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் மூலத்தில் இருந்தது கப்பலன்று, ஆடு. ஆட்டின் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்காதிருக்க இடையர்கள் அதன்மேல் தார் பூசுவது வழக்கம். அதற்கான சிறு செலவைக் கணக்குப் பார்த்தால் ஆட்டையே இழக்க நேரும். ஆங்கில நாட்டுப்புற வழக்குகள் பலவற்றில் ஆட்டைக் குறிக்கும் சொல்லும் கப்பலைக் குறிக்கும் சொல்லும் ஒரேமாதிரி ஒலித்தமையால், ஆடு கப்பலாயிற்று. ‘இழத்தல்’ என்றிருந்த பழைய வினையும் ‘கெடுத்தல்’ என்று மாறிற்று.

செயப்படுபொருள் இல்லாமல், தானே கெடுதல் என்ற கருத்தில் இந்த வினை வருவது உணவுப் பொருள்களின் விஷயத்தில்தான். பால், மீன், பழம் ஆகியவை வைத்திருக்க வைத்திருக்கக் கெடுகின்றன. பாலில் வளரும் நுண்ணுயிர்கள் அதிலுள்ள சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலம் மிகும்போது பால் திரிந்துபோகிறது. நாம் விரும்பி உறை ஊற்றினால் ஏறத்தாழ இதே மாற்றம் தயிர் என்ற நல்ல பெயர் பெறுகிறது. விரும்பாதபோது நிகழ்ந்தால் கேடு என்கிறோம். ஆகவே, ஒரு பொருளில் நிகழும் மாறுதல் எதுவாயினும், நாம் அதனிடம் எதிர்பார்த்த குணம் போய்விட்டதா என்பதே இந்த வினையின் உரைகல். பிரான்ஸ் தேசத்துத் திராட்சை மது பீப்பாய்களிலேயே புளித்துப்போகும் காரணத்தை 1860களில் ஆராய்ந்த லூயி பாஸ்டர், மிதமாகச் சூடேற்றினால் நுண்ணுயிர்கள் அடங்கும் என்று கண்டார். அவர் பெயரால் வழங்கும் அந்த முறையில் பதப்படுத்திய பாலைத்தான் உறைகளில் வாங்குகிறோம்.

அரசியலில் இச்சொல்லின் பழைய கொள்ளை அர்த்தம் பன்மைப் பெயராக இன்னும் உயிரோடிருக்கிறது. 1832இல் அமெரிக்க செனட் சபையில் நியூயார்க் உறுப்பினர் வில்லியம் மார்சி, பகைவனிடமிருந்து கவர்ந்தவை வென்றவனுக்கே உரியவை என்ற விதியை அரசியலுக்கும் பொருத்திப் பேசினார். தேர்தலில் வென்ற கட்சி தன் ஆதரவாளர்களுக்கு அரசாங்க உத்தியோகங்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு அதனால் ‘ஸ்பாயில்ஸ் சிஸ்டம்’ என்ற பெயர் நிலைத்தது. 1881இல், தனக்கு உத்தியோகம் கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில் சார்லஸ் கிட்டோ என்பவன் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டான். அந்தக் காயத்தினால் அவர் இறந்தார். அதன் விளைவாக எழுந்த மக்கள் உணர்ச்சியே, தகுதிப் பரீட்சையின் அடிப்படையில் உத்தியோகம் அளிக்கும் பெண்டில்டன் சட்டத்தை 1883இல் நிறைவேற்றிவைத்தது. அதே அரசியலில், தான் வெல்ல முடியாவிட்டாலும் மற்றொருவருக்குப் போகவேண்டிய வாக்குகளை உரித்துக்கொள்ளும் வேட்பாளருக்கு ‘ஸ்பாய்லர்’ என்று பெயர். 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் ஃபுளோரிடா மாநிலத்தை 537 வாக்குகளில் ஜார்ஜ் புஷ் வென்றபோது, அங்கே 97,000க்கு மேல் வாக்குகள் பெற்றிருந்த ரால்ஃப் நேடரை அப்பெயரால் பலர் குறைகூறினார்கள்.

பன்மையில் செல்வத்தைக் குறிக்கும் இந்தப் பெயர்ச்சொல், ஒருமையில், சுரங்கத்திலிருந்தும் அகழ்விலிருந்தும் தோண்டி அப்புறப்படுத்திய பயனற்ற மண்ணையும் கல்லையும் குறிப்பது அதன் விசித்திரங்களுள் ஒன்று. வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்துக்கு மேலே மலைச்சரிவில், நீரூற்றின்மேல் குவித்துவைத்திருந்த நிலக்கரிச் சுரங்கக் கழிவு 1966ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி காலை சரிந்து, பாண்ட்கிளாஸ் ஆரம்பப் பள்ளியை மூடிவிட்டது. 144 பேர் மாண்டார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். பூமியின் உடலிலிருந்து சாரத்தை எடுத்துக்கொண்டு சக்கையை எங்கே கொட்டுகிறோம் என்று கவலைப்படாதிருப்பது எத்தகைய பாதகம் என்பதை அந்தக் கிராமம் உலகத்துக்கு உணர்த்திற்று.

கெடுப்பதே நன்மையாகும் சந்தர்ப்பமும் உண்டு. விமானத்தில் இறக்கையை ஒட்டிய ஜன்னலோரம் அமர்ந்தவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்டவுடன் இறக்கையின் மேற்பரப்பில் சில பலகைகள் சட்டென்று நிமிர்ந்து நிற்கும். அவற்றுக்கு ‘ஸ்பாய்லர்’ என்று பெயர். இறக்கையின்மேல் சீராக வழுக்கிச் செல்லும் காற்றோட்டத்தை அவை கலைக்கின்றன; விமானத்தைத் தூக்கிநிறுத்திய விசை குன்றி, அதன் பாரம் முழுவதும் சக்கரங்களின்மேல் அழுந்துகிறது; அப்போதுதான் பிரேக் நன்றாகப் பிடிக்கும். இறக்கைக்கு ஒரு குறையும் இல்லை. அதன் குணமான தூக்கும் சக்தி மட்டும் வேண்டிய தருணத்தில் உரித்தெடுக்கப்படுகிறது. இந்த வினையின் ஆதி அர்த்தத்தை இவ்வளவு சுத்தமாகக் காட்டும் பிரயோகம் வேறில்லை.

கதையின் முடிவை முன்கூட்டிச் சொல்லிவிடுவதற்கும் இதே பெயர். 1971இல் ‘நேஷனல் லாம்பூன்’ என்ற அமெரிக்கப் பத்திரிகையில், பிரசித்தமான கதைகளின் முடிவுகளைத் தொகுத்து டக் கென்னி எழுதிய கட்டுரைக்கு இந்தச் சொல்லே தலைப்பாக இருந்தது. லண்டனில் 1952 முதல் நடிக்கப்படும் அகதா கிறிஸ்டியின் ‘எலிப்பொறி’ நாடகத்தின் முடிவில், கொலையாளி யார் என்பதை வெளியே சொல்லவேண்டாம் என்று சபையோரைக் கேட்டுக்கொள்வது மரபு. முடிவை முன்பே அறிந்தவர்கள் சிறுகதைகளை அதிகமாகவே ரசித்தார்கள் என்று 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக உளவியலாளர்கள் தெரிவித்தார்கள். பின்வந்த ஆய்வுகள் சில அதற்கு மாறான முடிவுக்கு வந்தன. இரண்டுக்கும் இடமுண்டு. துப்பறியும் கதையின் சாரம் எதிர்பார்ப்பில் இருக்கிறது. அதை உரித்துவிட்டால் மிஞ்சுவது சொற்பம். இராம கதையின் முடிவு அறியாதவர் நம்மில் இல்லை. ஆயினும் இரவெல்லாம் கேட்கிறோம், ஏனெனில் அதன் சாரம் முடிவில் இல்லை.

வடிவங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறந்தகாலத்தில் ‘ஸ்பாயில்ட்’ என்று டகரத்தில் முடியும் குறுகிய எழுத்துமுறையைப் பிரிட்டிஷார் அதிகம் விரும்புவர், குறிப்பாகப் பெயரடையாக வரும்போது. ‘ஸ்பாயில்டு’ என்று ஒலிக்கும் நீண்ட எழுத்துமுறையே அமெரிக்கர்களுக்கு வழக்கம். இரண்டும் சரியே, ஒரே கட்டுரையில் கலக்காதிருந்தால் போதும். சண்டைக்குத் துடித்துக்கொண்டிருப்பவனை ‘ஸ்பாயிலிங் ஃபார் எ ஃபைட்’ என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய மரபுத்தொடர். அதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளவேண்டியதுதான்.

மற்ற எல்லா இடங்களிலும், இந்த வினையை எழுதப் பேனா எடுக்கும் மாணவன் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் தவறு நேராது: பொருள் இருந்தபடியே இருக்க, அதிலிருந்து உரிந்துபோனது எது? காட்சியில் அழகு, உணவில் சுவை, கதையில் எதிர்பார்ப்பு, குழந்தையிடத்தில் மனவலிமை என்று விடை கிடைக்குமானால் துணிந்து எழுதலாம். விடை கிடைக்காவிட்டால் வேறு வினையைத் தேடவேண்டும். இந்தக் கேள்வி மொழிக்கு மட்டும் பயன்படுவதன்று. அழிவு யார் கண்ணுக்கும் தெரியும், ஆகையால் அதைத் தடுக்கப் பலர் முன்வருவர். உடலை விட்டுச் சாரத்தைப் பறிக்கும் கேடோ வெளித்தோற்றத்தில் எதையும் மாற்றாமல் நிகழ்வதால், வீட்டிலும் பள்ளியிலும் பொதுவாழ்விலும் அதை நாம் பெரும்பாலும் காலங்கடந்தே அறிகிறோம். அதை உரிய காலத்தில் கண்டுகொள்ள, அதற்கென்று ஒரு சொல்லும் அச்சொல்லைச் சரியாகப் பிரயோகிக்கும் பழக்கமும் நமக்கு வேண்டும்.